ஸ்லோவில் நிற்காத வண்டி

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்த உடனே எஞ்சின் அணைந்துபோனால் நம் ஊர் மெக்கானிக் அதற்கு ஒரே வரிதான் சொல்வார். "ஸ்லோ நிக்கல சார்." ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்த வரியைக் கேட்காத கார்க்காரர் மெட்ராஸில் இருந்திருக்க முடியாது. இப்போது கார் ஓட்டும் பிள்ளைகளுக்கு அதன் அர்த்தம்கூடத் தெரியாது. அவர்கள் வண்டி எப்போதும் ஸ்லோவில் நிற்கிறது. எதனால் நிற்கிறது என்று யோசிக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு வந்ததில்லை.

எங்கள் வீட்டு போர்டிகோவில் உறை போட்டுப் படுத்திருந்த எஸ்டீமை இந்தப் பக்கம் வருகிறவர்கள் பார்த்திருப்பார்கள். 2001-ல் வாங்கியது. வெள்ளி நிறம். 1,298 சி.சி., 16 வால்வு, 85 குதிரைசக்தி. பேப்பரில் என் பெயர் இருந்தாலும் ஓட்டியது பெரும்பாலும் என் மனைவிதான். தேனாம்பேட்டையிலிருந்து மயிலாப்பூரில் அவள் பாடம் நடத்திய பள்ளிக்கூடத்துக்கும், சாயங்காலம் திரும்பி வரும் வழியில் காய்கறிக் கடைக்கும். முழங்கால் இரண்டும் மக்கர் செய்யத் தொடங்கிய பிறகு அவள் சாவியை ஆணியில் மாட்டினாள். நான் மெட்ரோவிலும் ஆட்டோவிலும் போய்ப் பழகிவிட்டேன். வண்டி அப்படியே நின்றுவிட்டது.

2024 ஆகஸ்ட் 31-ம் தேதியும் மறுநாளும் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி வெளிச்சத்தில் பார்முலா 4 பந்தயம் நடந்தது நினைவிருக்கும். நம் அண்ணா சாலையின் ஒரு துண்டும், நேப்பியர் பாலமும், சிவானந்தா சாலையும் சேர்ந்து மூன்றரை கிலோமீட்டர் பந்தயப் பாதையானது. என் அண்ணன் பேரன் அதைப் பார்த்துவிட்டு வந்தான். ஒரகடம் பக்கம் ஒரு கார் பாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான், இருபத்து நாலு வயசு. அடுத்த வாரமே எங்கள் வீட்டுக்கு வந்து, காபியைக் கையில் வாங்குவதற்கு முன்னாலேயே கேட்டான்.

"தாத்தா, அந்த எஸ்டீம எனக்குக் குடுத்துடுங்களேன். டிராக் காராப் பண்ணிடறேன். ரோட்டுல எடுக்கவே மாட்டேன், இருங்காட்டுக்கோட்டையில மட்டும்தான்."

நான் யோசித்துச் சொல்கிறேன் என்று ஆரம்பிப்பதற்குள் என் மனைவி, "துருப்பிடிச்சுப் போறதுக்கு ஓடட்டுமே" என்று சொல்லிவிட்டாள். முடிந்தது கதை.

ஆயுத பூஜை கழிந்த ஞாயிற்றுக்கிழமை வேலையை ஆரம்பித்தான். முதலில் பின் சீட், பிறகு முன்னால் பக்கத்து சீட், மேட்டு, ஸ்டீரியோ. அடுத்து ஏ.சி. கம்ப்ரஸரும் அதன் குழாய்களும். இதெல்லாம் எனக்குப் புரிந்தது. எடை குறைந்தால் வேகம் கூடும், இதற்குப் படிப்பு வேண்டாம். அப்புறம் எஞ்சினுக்குள் தலையை விட்டு ரொம்ப நேரம் ஏதோ முறுக்கிக்கொண்டிருந்தான். வெளியே வந்தபோது கையில் ஒரு எவர்சில்வர் தட்டு. எங்கள் வீட்டு இட்லித் தட்டுதான், எப்போது எடுத்தான் என்று தெரியவில்லை. அதில் உள்ளங்கை அகல அலுமினியப் பாகம் ஒன்று, பக்கத்தில் மின்சாரப் பிளக், சுண்டு விரல் பருமனில் நாலைந்து ரப்பர் ஹோஸ், கிளிப்புகள், ஏ.சி. போட்டால் ரேஸைத் தூக்கிவிடும் சின்ன வால்வு.

"இது என்னடா?"

"ஐடில் கன்ட்ரோல் தாத்தா. டிராக்ல தேவையில்லாதது."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் உத்தியோகம் தெரிந்தவர்களுக்கு ஏன் என்று புரியும். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மோட்டார் கிளெய்ம் பிரிவில் 31 வருஷம். ஜி.பி. ரோட்டு ஸ்பேர் கடைகளும் புதுப்பேட்டைச் சந்துகளும் எனக்கு மனப்பாடம். ஒரு வண்டி விபத்தில் வந்தால் முதலில் நான் பார்ப்பது, எதை மாற்றியிருக்கிறார்கள், எதைக் கழற்றியிருக்கிறார்கள் என்பதைத்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை நான் சொல்லிச் சொல்லி எத்தனை பேர் முகம் தொங்கியிருக்கிறது! கம்பெனி தந்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. அப்படிப்பட்டவன் வீட்டு வாசலிலேயே கழற்றல் நடக்கிறது.

அது என்ன செய்கிறது என்று என் மனைவி கேட்டாள். நான் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

பெட்ரோல் எஞ்சினுக்குள் காற்று போகும் வாயில் ஒரு வட்டத் தகடு இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அது திறக்கும், காலை எடுத்தால் மூடும். மூடிவிட்டால் காற்று இல்லை, எஞ்சின் அணையும். அணையாமல் இருக்க அந்தத் தகட்டைச் சுற்றி ஒரு சின்னச் சந்து வழியாகக் கொஞ்சம் காற்றை உள்ளே விட வேண்டும். எவ்வளவு கொஞ்சம் என்பதில்தான் விஷயம். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அதிகம் வேண்டும். சூடானதும் குறைக்க வேண்டும். ஏ.சி. போட்டாலோ, ஹெட்லைட்டும் வைப்பரும் சேர்ந்து ஓடினாலோ எஞ்சின் மேல் சுமை ஏறும், அப்போது மறுபடி கூட்ட வேண்டும். வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் இதையெல்லாம் கவனித்து அந்த வால்வைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கிறது. அடுப்பை சிம்மில் வைத்துவிட்டு நாம் ஹாலுக்குப் போகிறோம், பின்னால் யாரோ ஒருவர் சுடர் அணையாமல் பார்த்துக்கொள்கிறார். அந்த யாரோதான் இட்லித் தட்டில் இருந்தது.

அவள் தட்டைப் பார்த்தாள். "அப்போ இதுனாலதான் இந்த வண்டி சிக்னல்ல அணையாம இருந்துதா?"

ஆமாம் என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

ஏன் கேட்டாள் என்பது எனக்குத் தெரியும். எஸ்டீமுக்கு முன்னால் எங்களிடம் இருந்தது ஒரு பழைய பத்மினி. அதில்தான் அவள் நாற்பது வயசுக்கு மேல் ஓட்டப் பழகினாள். அதற்கு ஐடில் என்பது கார்ப்பரேட்டர் பக்கவாட்டில் ஸ்பிரிங் போட்ட ஒரு ஸ்க்ரூ, கலவைக்கு இன்னொரு ஸ்க்ரூ, அவ்வளவுதான். மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்டு, கால் திருகு இப்படி, கால் திருகு அப்படி வைத்துக் கொடுப்பார். ஒரு வாரம் நிற்கும். மழை பெய்தால் மறுபடி போச்சு. எல்டாம்ஸ் ரோடு வந்து அண்ணா சாலையைத் தொடும் சிக்னலில் அவள் வண்டி அணையாத நாள் கிடையாது. பின்னால் பல்லவன் பஸ் ஹாரன் அடிக்க, இவள் சோக்கை இழுத்து, சாவியைத் திருகி, கை நடுங்கி, வீட்டுக்கு வந்து அழுத நாட்கள் உண்டு. வலது கால் குதிகாலை ஆக்ஸிலரேட்டரிலும் முன்பாதத்தை பிரேக்கிலும் வைத்து ஓட்ட நான் சொல்லிக்கொடுத்தேன். "இது சர்க்கஸ், எனக்கு வராது" என்றாள். எஸ்டீம் வந்த முதல் நாள், அதே சிக்னலில் சிவப்பு விழுந்து ஒன்றரை நிமிஷம் நின்றோம். வண்டி சத்தமே இல்லாமல் நின்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

குதிகால் வித்தை எனக்கு எப்படித் தெரியும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. என் தாய்மாமா மவுண்ட் ரோடில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். அறுபதுகளின் நடுவில் பள்ளிக்கூடப் பையனாக இருந்த என்னைச் சோழவரத்துக்குக் கூட்டிப்போனார். செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்திவந்தது. நம் வண்டலூர்ப் பக்கத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார்களைப் பந்தயத்துக்குத் தயார் பண்ணுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஹெரால்டுக்கு பானட் முன்பக்கம் கீல் வைத்தது. மட்கார்டோடு சேர்ந்து முதலை வாய் மாதிரி மொத்தமாகத் திறக்கும். திறந்தால் எஞ்சின் நட்டநடுவே தனியாக உட்கார்ந்திருக்கும், சுற்றிலும் காலி இடம். மெக்கானிக் உள்ளே இறங்கி முன்டயர் மேல் உட்கார்ந்து வேலை பார்ப்பார். பந்தயத்துக்கு முன்னால் ஏர் ஃபில்டரைக் கழற்றுவார்கள். சோக் தகட்டையும் கழற்றிப் போடுவார்கள், காற்று போகும் வழியில் அதுகூட இடைஞ்சல் என்று. சோக் இல்லாத வண்டியைக் காலையில் கிளப்ப, கார்ப்பரேட்டர் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு ஒருவர் நிற்க வேண்டும். அந்த வேலையை ஒரு தடவை எனக்குக் கொடுத்தார்கள். கையில் பெட்ரோல் வாசனை இரண்டு நாள் போகவில்லை. எனக்கு அதைவிடப் பெருமையான நாள் பள்ளிக்கூடத்தில் வந்ததில்லை.

ஆகையால் வேண்டாததைக் கழற்றுவது எனக்குப் புதிதில்லை. ஆனாலும் நான் பேரனை விடவில்லை. "எடை எவ்வளவுடா மிச்சம்?" என்று சமையலறைத் தராசில் தட்டிலிருந்ததை எல்லாம் போட்டுப் பார்த்தேன். 700 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. சுமார் 900 கிலோ வண்டியில் 700 கிராம்! நீ காலையில் இரண்டு இட்லி குறைத்துச் சாப்பிட்டால் போதுமே என்றேன்.

அவன் கோபித்துக்கொள்ளாமல் பதில் சொன்னான். எடைக்காக அவன் கழற்றவில்லை. ஐடில் வால்வு உட்காரும் இடத்துக்கு ரேடியேட்டர் தண்ணீரைக் கொண்டுவர இரண்டு மெல்லிய ஹோஸ் இருக்கின்றன. குளிர் நாட்டில் காற்று வாயில் பனி உறையாமல் இருக்க அந்தச் சூடு வேண்டும். தேனாம்பேட்டையில் என்றைக்குப் பனி உறைந்தது? ஆனால் இருபது வருஷத்து ரப்பர் அது. டிராக்கில் அரை மணி நேரம் தொடர்ந்து 6,000 சுற்றில் ஓட்டும்போது அது வெடித்தால் கூலன்ட் எல்லாம் கொட்டும், எஞ்சின் ஹெட் போகும். கொட்டிய தண்ணீரில் பின்னால் வருகிறவன் வழுக்குவான். காற்று ஹோஸில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் எஞ்சின் ஓட்டம் கெடும், எங்கே ஓட்டை என்று தேடவே ஒரு நாள் போகும். "கெட்டுப்போறதுக்கு ஒரு பொருள் இல்லன்னா அது கெட்டுப்போகாது தாத்தா" என்றான். கிளெய்ம் பிரிவில் இருந்தவனுக்கு இந்த வாதம் பிடிக்காமல் போகுமா?

அலுமினியத் தகடு ஒன்றை வெட்டி, அனாபாண்ட் தடவி, வால்வு இருந்த ஓட்டையை மூடினான். ஹோஸ் வாய்களை அடைத்தான். பிறகு காற்றுத் தகடு முழுக்க மூடிவிடாமல் தடுக்கும் ஸ்க்ரூவைச் சற்று உள்ளே திருகி, எஞ்சின் சூடான பிறகு 1,400 சுற்றில் நிற்கும்படி வைத்தான். பழைய நிலையில் அது 800, 850-ல் நிற்கும். டாஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது, வால்வைக் காணோம் என்று கம்ப்யூட்டர் புகார் சொன்னது. ஆக, பத்மினியின் ஸ்க்ரூவுக்கே திரும்ப வந்துவிட்டோம். பானட்டைத் திறந்தால் எஞ்சின் அறை ஹெரால்டு மாதிரி துடைத்துவிட்டாற்போல் இருந்தது. உண்மையைச் சொன்னால், பார்க்க அழகாகத்தான் இருந்தது.

இனி நான் செய்த காரியம்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டையில் பழகும் நாள். பந்தயம் இல்லை, கட்டணம் கட்டி ஓட்டிப் பார்க்கலாம். வண்டியை ஏற்றிப்போக லாரி சொல்லிவைத்திருந்தான். என்னிடம் அவன் கேட்டுக்கொண்டது இரண்டே விஷயம். பேட்டரி இறங்காமல் ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்டார்ட் பண்ண வேண்டும், தெருவில் எடுக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை காலை எனக்கு ஒரு ஆசை வந்தது. எந்தப் புது வண்டிக்கும் ஆலையம்மன் கோயிலில் பூஜை போட்டுத்தான் பழக்கம். இதுவும் ஒரு வகையில் புது வண்டிதானே, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் எப்படி அனுப்புவது? ஆர்.சி. 2026 வரை இருந்தது. இன்ஷூரன்ஸும் இருந்தது. ஆனால் பாகம் கழற்றிய வண்டிக்கு அந்த பாலிசி எவ்வளவு தாங்கும் என்பதைத் தேனாம்பேட்டையில் என்னைவிட நன்றாக அறிந்தவர் யார்? தெரிந்தே எடுத்தேன். மனைவியிடம் சொல்லவில்லை.

தூறல். எஞ்சின் குளிர்ந்திருந்தது. கிளப்பி, ரேஸ் கொடுத்துக்கொண்டே தெருவிலிருந்து வெளியே வந்தேன். கால் ஆக்ஸிலரேட்டரில் இருக்கும்வரை குறையே இல்லை, இரைச்சல் காதைப் பிளந்தாலும் இருபது வயசு குறைந்தாற்போல் இருந்தது. எல்டாம்ஸ் ரோட்டில் வைப்பர் போட்டேன். இருட்டாக இருக்கிறதே என்று ஹெட்லைட்டும் போட்டேன். சிக்னலில் சிவப்பு விழுந்தது. காலை எடுத்து பிரேக்கில் வைத்தேன். ஊசி 1,000-க்கு இறங்கியது, 600-க்கு இறங்கியது, ஒரு குலுக்கல், அணைந்துவிட்டது.

ஸ்க்ரூவை அவன் வைத்தது சூடான எஞ்சினுக்கு. குளிர்ந்த எஞ்சினுக்கு அந்தக் காற்று போதாது. மேலே லைட்டும் வைப்பரும் சுமை. அதைச் சரிக்கட்ட வேண்டிய ஆள் எங்கள் வீட்டில் இட்லித் தட்டில் இருந்தார். இந்த விளக்கமெல்லாம் வீட்டுக்கு வந்து யோசித்தது. அந்த நேரத்தில் சாவியைத் திருகினேன், பிடித்தது. பச்சை விழவில்லை, காலை எடுத்தேன், அணைந்தது. குதிகால் வித்தையை முயன்றேன். எழுபத்து மூன்று வயசில் கணுக்கால் அந்தக் கோணத்துக்குத் திரும்பவில்லை. அணைந்த எஞ்சினில் பிரேக் பூஸ்டருக்கு உறிஞ்சல் கிடையாது. இரண்டு மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் கல் மாதிரி ஆகிவிட்டது. நாலாவது தடவை சாவி திருகியபோது பிளக் எல்லாம் பெட்ரோலில் நனைந்திருக்க வேண்டும், சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை.

பச்சை விழுந்தது. சைதாப்பேட்டை வரை போகும் மேம்பால வேலைக்காக அண்ணா சாலையில் தடுப்பு போட்டு, ஏற்கெனவே பாதி இடம்தான். பின்னால் ஹாரன்கள். அவற்றுக்கு நடுவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

கண்ணாடியில் பார்த்தேன். எனக்குப் பின்னால் நாலு வண்டி தள்ளி நின்றது. எனக்கும் தடுப்புக்கும் நடுவில் ஸ்கூட்டர் நுழையலாம், ஆம்புலன்ஸ் நுழையாது. என் உத்தியோகக் காலத்தில் விபத்து நடந்த இடங்களை ஆயிரம் பார்த்திருக்கிறேன், எல்லாம் நடந்து முடிந்த பிறகு. நடந்துகொண்டிருக்கும்போது, அதுவும் என்னால், அங்கே உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். கதவைத் திறந்து இறங்கப் போனேன், கால் நடுங்கியது.

ஒரு ஆட்டோக்காரர் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். "இன்னா பெருசு, ஸ்லோ நிக்கலியா? நீ உக்காரு, நியூட்ரல் போடு, ஸ்டீரிங் லெஃப்ட்ல ஒட்ச்சிக்கோ." போக்குவரத்துக் காவலர் ஒருவரும், மழைக்கோட்டு போட்ட ஒரு பையனும் சேர்ந்தார்கள். மூன்று பேரும் தள்ளி ஓரத்தில் ஒதுக்கினார்கள். ஆம்புலன்ஸ் என் ஜன்னலை ஒட்டிக்கொண்டு போனது. உள்ளே யார், எந்த ஆஸ்பத்திரி, எதுவும் எனக்குத் தெரியாது. மொத்தம் இரண்டு நிமிஷம் இருக்கலாம். இன்றைக்கும் ராத்திரி விழிப்பு வந்தால் அந்த இரண்டு நிமிஷம் வருகிறது.

காவலர் ஆரஞ்சு விளக்கையும், சீட் இல்லாத உள்பக்கத்தையும் பார்த்தார். என் வெள்ளைத் தலையையும் பார்த்தார். "இந்த வண்டிய ஏன் சார் ரோட்டுக்கு எடுத்துட்டு வந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். அபராதம் போட்டிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஆட்டோக்காரர் பானட்டைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்து, அடைத்திருந்த தகட்டைத் தட்டினார். "அடப்பாவி, வால்வையே காணோம்! என் மச்சான் எஸ்டீம்ல இந்த வால்வுதான் போயிடுச்சுன்னு ஆறு மாசமா தேடிக்கினு கீறான். புதுப்பேட்டைல கூட சரியானது கெடைக்கல." கயிறு கட்டி வீடுவரை இழுத்துவந்து விட்டார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. செல் நம்பர் மட்டும் வாங்கிக்கொண்டேன்.

போர்டிகோவில் என் மனைவி நின்றிருந்தாள். கயிற்றைப் பார்த்தாள். பூஜைத் தட்டு அப்படியே டிரைவர் சீட்டுப் பக்கம் கவிழ்ந்து கிடந்ததையும் பார்த்தாள். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. பேரன் ராத்திரி வந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேட்டது, "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே தாத்தா?" எனக்குத் தெரியாது என்றேன். அவனும் அதற்கு மேல் கேட்கவில்லை. சாவியை மட்டும் எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப்போனான். நான் வரவில்லை என்றுதான் சொன்னேன், என் மனைவிதான் "போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள். இரண்டு நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை. சோழவரத்துக்குப் பிறகு கிளப் சொந்தமாகக் கட்டிக்கொண்ட பாதை இது. 1990-லிருந்து இயங்குகிறது, ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். நாராயண் கார்த்திகேயன் பார்முலா மாருதியில் பழகிய இடம். எங்கள் எஸ்டீம் அங்கே வேறு வண்டியாக இருந்தது. அங்கே சிக்னல் இல்லை, காலை முழுக்க எடுக்கும் இடமே இல்லை. ஒரு வளைவில் பிரேக் மிதிக்கும்போதுகூடப் பையன் கால் ஓரத்தில் ஆக்ஸிலரேட்டர் விளிம்பைத் தட்டிக்கொண்டே இருக்கிறது, நான் பத்மினியில் செய்த அதே சர்க்கஸ். எஞ்சின் ஒரே குரலில் பாடிக்கொண்டு போனது. பிட்டுக்குள் மெதுவாக வரும்போது மட்டும் ஒரு தடவை அணைந்தது. நாலு பையன்கள் தள்ளினார்கள், யாருக்கும் அவசரமில்லை.

மத்தியானம் வேறொருவர் கார் மூன்றாவது சுற்றில் வெள்ளைப் புகையோடு ஓரம் கட்டியது. பானட்டைத் திறந்தார்கள். வெடித்தது மெல்லிய தண்ணீர் ஹோஸ், பேரன் கழற்றிய அதே மாதிரி ஹோஸ். பாதையில் கொட்டிய கூலன்ட்டைத் துடைக்க அரை மணி நேரம் எல்லோரும் காத்திருந்தார்கள். பேரன் என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பையன். நான் இருந்தால் சொல்லியிருப்பேன்.

அங்கே அவன் செய்தது சரி. அதே வண்டியை எல்டாம்ஸ் ரோட்டுக்குக் கொண்டுவந்தது தப்பு, அதை அவன் செய்யவில்லை. புகைச் சான்றுக்குப் போனால் பெட்ரோல் வண்டியை ஐடிலில் நிறுத்திவைத்துத்தான் புகைக் குழாயில் குச்சியை விட்டு அளக்கிறார்கள். நிற்கவே தெரியாத வண்டி அந்தப் பரீட்சையையே எழுத முடியாது. இதைப் படிக்கும் யாராவது வீட்டில் பிள்ளைகள் இப்படிக் கழற்றிக்கொண்டிருந்தால், தெருவுக்கான ஆர்.சி.யை ஒப்படைத்துவிட்டு, வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். நாங்கள் ஜனவரியில் ஒப்படைத்துவிட்டோம்.

கடைசியாக அந்த வால்வு. பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது என் மனைவி அதை எடுத்துக்கொண்டு வந்தாள். இட்லித் தட்டை எப்போதோ மீட்டுவிட்டாள். வால்வைப் பழைய துணியில் சுற்றித் தையல் பெட்டிக்குள் வைத்திருந்தாள். "அந்த ஆட்டோக்காரர் மச்சானுக்கு இது ஆகுமான்னு கேளுங்க" என்றாள்.

கேட்டேன். ஆகும் என்றார். உள்ளே கரி படிந்திருந்தது, இந்த வால்வுகள் பாதிக்கு மேல் கெடுவது அதனால்தான். கார்ப் கிளீனர் ஒரு டப்பா வாங்கி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நானே உட்கார்ந்து தேய்த்தேன். அரை நாள் ஆனது. கேஸ்கெட் பிய்ந்திருந்ததால் ஜி.பி. ரோட்டில் புதுசு வாங்கினேன், நாற்பது ரூபாய். கொடுத்து அனுப்பிப் பத்து நாள் தகவல் இல்லை. பிறகு ஒரு சாயங்காலம் வாசலில் ஹாரன் சத்தம். ஆட்டோக்காரரும் அவர் மச்சானும், கரும்பச்சை எஸ்டீமில். எஞ்சினை அணைக்காமலே இறங்கி வந்தார்கள், ஒரு கட்டு முருங்கைக்காயோடு. என் மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கிப் போய் பானட் மேல் கை வைத்தாள்.

"ஓடுதா?" என்று கேட்டாள்.

"ஓடுது மேடம். கைய வெச்சாதான் தெரியும்."